உப்பு ஐஸில் போன ரத்தம்

786
திருமலைராயன்பட்டினம்
11 ஜூலை 1979

அல்லி,

'அன்புள்ள' என்று போடக் கை வரவில்லை. அதனால் வெறும் அல்லி.

நீ அனுப்பிய கட்டுரைப் பிரதி நேற்று வந்தது. மேல் ஓரத்தில் பச்சை மையில் 'ரோஷனுக்கு, அன்புடன்' என்று எழுதியிருக்கிறாய். அச்சில் போட வேண்டிய பெயரைப் பேனாவால் போட்டு அனுப்ப உனக்கு எப்படித்தான் மனசு வந்ததோ. தலைப்புக்குக் கீழே இரண்டே பெயர்கள். டாக்டர் பஞ்சநாதன், மு. அல்லி. கடைசிப் பக்கத்தில் பொடி எழுத்தில், 'வாத்து ரத்தம் கொடுத்து உதவிய காரைக்கால் நண்பருக்கு நன்றி'. அந்த நண்பருக்குத் தாய் தகப்பன் பெயர் வைக்கவில்லையா?

போன வருஷம் பெங்களூரிலிருந்து நீ எழுதியது எனக்கு மறக்கவில்லை. மனிதன், மாடு, ஆடு இவற்றின் ரத்தச் சிவப்பணுவில் உட்கரு கிடையாது, பறவைகளுக்கு உண்டு, கோழி ரத்தத்தை உலகமே பார்த்துத் தீர்த்துவிட்டது, நீ வாத்து ரத்தம் அனுப்பு, கட்டுரையில் மூன்றாவது பெயர் உன்னுடையது என்றாய். அனுப்பினேன். உங்கள் வரிச்சிக்குடியில் அறுப்பு முடிந்த வயலில் மேய்கிற வாத்தை உன் அப்பா முத்தையன் பேசி வாங்கிக் கொடுத்தார். அல்லா பிச்சை பாய் பிஸ்மி சொல்லி அறுக்கும்போது கழுத்துக்குக் கீழே, ரத்தம் கட்டாமலிருக்க சிட்ரேட் ஊற்றிய பாட்டிலைப் பிடித்தவள் நான். கல்லூரியில் டெமான்ஸ்ட்ரேட்டராக இருப்பவள், துப்பட்டியைச் சுருட்டிச் செருகிக்கொண்டு கசாப்புக் கடையில் குந்தியிருந்தால் பட்டினத்தில் என்ன பேசுவார்கள் என்று நான் உனக்குச் சொல்ல வேண்டியதில்லை.

வீட்டில் நடந்ததும் உனக்குத் தெரியும். அறுக்கும்போது ஓடுகிற ரத்தம் எங்களுக்கு நஜீஸ், அசுத்தம். துணியில் பட்டால் கழுவாமல் தொழ முடியாது. முதல் தடவை நான் பாட்டிலை ஃபிரிட்ஜில் வைத்ததைப் பார்த்துவிட்டு என் மாமியார் ஜொஹரா மாமி உள்ளே இருந்த பால், மாவு, குழம்பு எல்லாவற்றையும் கொண்டுபோய்க் கொட்டினார். "எம் மவன் துபாயிலேருந்து அனுப்புன பொட்டியில நஜீஸ கொண்டாந்து வக்கிறியே, நீ படிச்சவதானா?" என்று கேட்டார். அதற்குப் பிறகு ஒவ்வொரு தடவையும் காரைக்கால்மேட்டு ஐஸ் பிளான்ட்டுக்குத் தூக்கிக்கொண்டு ஓடினேன். மீன் பார்சல் கட்டுகிற தங்கப்பன்தான் பெட்டியை ராத்திரி அங்கே வைத்திருந்து காலை ரயிலில் மீனோடு மீனாக ஏற்றிவிட்டார்.

ரத்தம் கொடுத்ததோடு போயிற்றா? ஸ்டேஷனில் பெட்டியைத் திறந்து ஒரு சின்ன பாட்டிலை எடுத்துப்போய், கல்லூரி மைக்ராஸ்கோப்பில் பார்த்தேன். கோழி உட்கரு மாதிரி இது இறுகி இல்லை, லேசான உப்புத் தண்ணீரில் போட்டால் ஜவ்வரிசிக் கஞ்சி மாதிரி இழுபடுகிறது, இதைக் கவனி என்று எழுதியது யார்? உன் கட்டுரையே அதன் மேல்தானே நிற்கிறது?

எனக்கு இந்தப் பெயர் எதற்கு வேண்டும் என்பதும் நீ அறிந்ததுதான். அடுத்த வருஷம் லெக்சரர் வேலைக்கு நேர்காணல். அச்சில் ஒரு கட்டுரையாவது இருக்க வேண்டும் என்பது விதி. வேலை கிடைக்காவிட்டால் எல்லாவற்றையும் விட்டுவிட்டு துபாய்க்கு வந்துவிடுகிறேன் என்று இவரிடம் ஒப்புக்கொண்டிருக்கிறேன். ஊரான் வீட்டு நெய்யே என் பெண்டாட்டி கையே என்று இருந்துவிட்டாய். பெயர் ஏன் வரவில்லை என்று எனக்குப் பதில் வேண்டும்.

ரோஷன் பேகம்


பெங்களூர்
20 ஜூலை 1979

ரோஷன்,

பதில் கேட்டாய். சொல்கிறேன்.

நான் எழுதிய பிரதியில் உன் பெயர் மூன்றாவதாக இருந்தது. பஞ்சநாதன் சார் சிவப்பு மையால் அடித்தார். "ரத்தம் குடுத்தவங்களுக்கெல்லாம் பேர் போட்டா கசாப்புக் கடைக்காரனுக்கும் போடணும்மா" என்றார். உட்கரு கஞ்சியாக இழுபட்டதை முதலில் பார்த்தது நீதான் என்று சொன்னேன். அது பார்த்தது, இது நிரூபித்தது என்றார். அதற்கு மேல் நான் பேசவில்லை. என் தீசிஸில் அவர் கையெழுத்து வேண்டும்.

நிரூபித்தது என்னவென்று நீ மறந்திருந்தால் நினைவுபடுத்துகிறேன். உட்கருவுக்குள் டி.என்.ஏ. இழை ஹிஸ்டோன் என்ற புரத உருண்டைகளைச் சுற்றிச் சுற்றி மணிச்சரம் போலக் கிடக்கிறது. ஒவ்வொரு மணியும் ஒரு நியூக்ளியோசோம். வெறும் மணிச்சரமாக இருந்தால் தளர்ந்துதான் கிடக்கும். பறவை ரத்தத்தில் எச்-5 என்ற புரதம் வெளியிலிருந்து வந்து ஒவ்வொரு மணியின் மேலும் உட்கார்ந்து, சரத்தை மடக்கித் தடித்த கயிறாக்கிவிடுகிறது. அப்படி மடங்கிவிட்டால் உள்ளே இருக்கிற எந்த மரபணுவும் வேலை செய்யாது. உன் வாத்து ரத்தத்தில் எச்-5 குறைவு. அதற்குப் பதிலாகச் சிறிய புரதம் ஒன்று மணியின் மேல் உட்கார்ந்திருக்கிறது. சரம் தளர்ந்திருக்கிறது. சரத்தைத் தளர்த்துகிற புதிய புரதம் என்று நாங்கள் சொன்னது அதைத்தான். இதைக் கண்டுபிடிக்க எட்டு மாதம் குளிர் அறையில் சால்வை போர்த்திக்கொண்டு, புரதங்களைப் பிரித்துக் காட்டுகிற ஜெல் ஓட்டியவள் நான்.

உன் கோபம் நியாயம்தான். ஆனால் ஒன்று யோசி. உனக்கு வேலை இல்லாவிட்டால் துபாய் இருக்கிறது. எனக்கு இந்தப் பட்டம் இல்லாவிட்டால் என்ன இருக்கிறது? எங்கள் அம்மா பூவாயி இன்னமும் கண்டவர் வயலில் நாற்றுப் பிடுங்குகிறாள். நான் அவரோடு சண்டை போட்டுவிட்டு எந்த வீட்டுக்குப் போவேன்?

இரண்டாவது கட்டுரை எழுதப் போகிறோம். அதில் உன் பெயர் வர நான் முயல்கிறேன். இன்னும் ரத்தம் வேண்டும். அனுப்புவாயா?

அல்லி


786
திருமலைராயன்பட்டினம்
9 ஆகஸ்ட் 1979

அல்லி,

ரத்தம் கேட்டிருக்கிறாய். உனக்கு வெட்கமே இல்லையா என்று எழுத உட்கார்ந்தேன். அதற்குள் வேறு ஒன்று நடந்துவிட்டது. கோபம் குறையவில்லை, அதற்கு இப்போது வேறு தீனி கிடைத்திருக்கிறது.

இனிமேல் பெட்டி அனுப்ப வேண்டாம் என்று சொல்லத் தங்கப்பனைப் பார்க்கப் போனேன். அப்போது வஞ்சிரம் பார்சல் கட்டிக்கொண்டிருந்தார். ஐஸை உடைத்துப் போட்டு, அதன் மேல் படி படியாகக் கல் உப்பை அள்ளித் தூவினார். எதற்கு என்று கேட்டேன். "தூரத்துக்குப் போற பொட்டிக்கு உப்பு போட்டாத்தான் கெட்டியா குளுரு புடிக்கும். ஒங்க பொட்டிக்கு இன்னும் ரெண்டு கை சேத்துல்ல போட்டேன்" என்றார். எனக்குச் செய்த சலுகையாக அதைச் சொன்னார். அவரை என்ன சொல்ல முடியும்? நான்தான் ஐஸ் என்று மட்டும் சொல்லிவிட்டு வந்தவள்.

உப்பு கலந்த ஐஸ் வெறும் ஐஸை விடக் கடுமையாகக் குளிர்கிறது. வெறும் ஐஸில் ரத்தம் உறையாமல் குளிர்ந்திருக்கும். இதில் ரத்தம் பனிக்கட்டியாக உறைந்து, வழியில் ஐஸ் கரைந்ததும் இளகியிருக்கிறது. உறைந்து இளகினால் அணுக்கள் வெடிக்கும். வெள்ளையணுவுக்குள் பத்திரமாக இருந்த செரிமான நொதிகள் வெளியே வரும். வெளியே வந்தால் எதைக் கடிக்கும்? சரத்தின் வெளிப்பக்கம் உட்கார்ந்திருக்கிற எச்-5 ஐத்தான்.

சந்தேகத்துக்குக் கல்லூரியில் செய்து பார்த்தேன். ஒரே வாத்தின் ரத்தம், இரண்டு பாட்டில். ஒன்று வெறும் ஐஸில், ஒன்று உப்பு ஐஸில். மறுநாள் வெறும் ஐஸில் இருந்தது அழகாக அடியில் படிந்து, மேலே மஞ்சளாகத் தெளிந்திருந்தது. உட்கருவை எடுத்து லேசான உப்புத் தண்ணீரில் போட்டேன். கோழி உட்கரு போலவே இறுகிக் கிடந்தது. உப்பு ஐஸில் இருந்தது மேலிருந்து கீழ்வரை ஒரே சிவப்பு. அதன் உட்கருதான் கஞ்சி.

உனக்கு வந்த பாட்டிலெல்லாம் அப்படித்தானே சிவந்திருந்தது? நான் முதன்முதலில் ஃபிரிட்ஜில் வைத்து அனுப்பியது மட்டும்தான் வேறு மாதிரி இருந்தது. அது கெட்டுப்போனது, சேர்க்கவில்லை என்று நீயே எழுதினாய். எல்லாவற்றிலும் நல்லது அது ஒன்றுதான். அதைத் தூக்கி எறிந்தீர்கள்.

ஆகவே உங்கள் புதிய புரதம் வேறொன்றுமில்லை, நொதி கடித்துப் போட்ட எச்-5 துண்டு. நான் பார்த்த கஞ்சியும் இந்தப் பிழைதான். என் பெயரைப் போடாததற்கு அல்ஹம்துலில்லாஹ். பிழை முழுவதும் உங்கள் இருவர் பெயரில் அச்சாகியிருக்கிறது.

ஆனால் ஒன்று மட்டும் எனக்குப் புரியவில்லை, கோபத்தோடே கேட்கிறேன். கடிபட்ட துண்டு மணியை விட்டு ஏன் கழன்று போகவில்லை? நீதானே எழுதினாய், அது மணியின் மேல் உட்கார்ந்திருக்கிறது என்று. உட்கார்ந்தும் சரத்தை அதனால் ஏன் மடக்க முடியவில்லை? எழுத வேண்டிய கட்டுரை இதுதான்.

ரோஷன்


பெங்களூர்
16 ஆகஸ்ட் 1979

ரோஷன்,

உன் பெயர் வரவில்லை என்றதும் கட்டுரையே பொய் என்கிறாய். கையால் சுற்றுகிற சென்ட்ரிஃப்யூஜும் பள்ளிக்கூட மைக்ராஸ்கோப்பும் வைத்துக்கொண்டு எட்டு மாத வேலையைக் கவிழ்த்துவிட்டாயா? இங்கேயும் உட்கருவை உறைய வைத்துத்தான் சேமிக்கிறோம். எங்களுக்கு ஒன்றும் ஆகவில்லை.

பொறாமை என்று எழுத எனக்கு விருப்பமில்லை. வேறு வார்த்தை கிடைக்கவில்லை. இனி எழுதாதே.

அல்லி


பெங்களூர்
3 நவம்பர் 1979

ரோஷன்,

எழுதாதே என்று சொன்னவள் நானே எழுதுகிறேன். கிழித்துப் போட்டுவிடாதே.

ஒரு மாதம் உன் கடிதத்தைப் பெட்டியில் பூட்டி வைத்திருந்தேன். செப்டம்பரில் ஊருக்கு வந்தபோது உன்னைப் பார்க்காமல், அப்பாவை விட்டு ஒரு வாத்து வாங்கி, நானே அறுக்கச் சொல்லி, வெறும் ஐஸில் வைத்து மடியில் சுமந்து வந்தேன். எச்-5 முழுசாக இருக்கிறது. சிறிய புரதம் இல்லவே இல்லை. அதே ரத்தத்தை இங்கே உப்பு ஐஸில் வைத்தேன். சிறிய புரதம் வந்துவிட்டது. நாங்கள் உறைய வைப்பது கழுவித் தனியாக எடுத்த உட்கருவை. அங்கே வெள்ளையணு இல்லை, நொதி இல்லை. முழு ரத்தம் வேறு. எனக்கு இது தோன்றியிருக்க வேண்டும்.

நீ சொன்னதில் ஒரு எழுத்துகூடத் தப்பில்லை. இதை எழுதும்போது எனக்கு உன் மேலும் எரிச்சலாக இருக்கிறது. அவ்வளவு குத்திச் சொல்லாமல் சொல்லியிருந்தால் ஆகஸ்டிலேயே கேட்டிருப்பேன்.

உன் கேள்விக்குப் பதிலும் கிடைத்திருக்கிறது. எச்-5 க்கு நடுவில் ஓர் உருண்டை, இரண்டு பக்கமும் வால். நொதி கடித்தது வால்களை. உருண்டை தப்பித்துவிட்டது. டி.என்.ஏ. மணிக்குள் நுழைந்து வெளியேறுகிற இடத்தில் அந்த உருண்டை அப்படியே உட்கார்ந்திருக்கிறது. ஆனால் வால் இல்லாததால் பக்கத்து மணிகளை இழுத்துச் சேர்க்க முடியவில்லை. உட்காருவது உருண்டையின் வேலை, மடக்குவது வாலின் வேலை. ஒரே புரதத்துக்குள் இரண்டு வேலையும் தனித்தனியாக இருக்கின்றன. நாங்கள் புதிய புரதம் என்று கொண்டாடியதை விட இது பெரிய விஷயம்.

சாரிடம் சொன்னேன். என் வார்த்தையை மட்டும் நம்ப மாட்டார் என்று உன் ஆகஸ்ட் கடிதத்தையும் காட்டினேன். முதலில் மேசையை அடித்துக் கத்தினார். பிறகு கதவைச் சாத்திவிட்டு, பத்திரிகைக்கு ஒரு திருத்தம் அனுப்பிவிடலாம், பிறகு புதிதாக எழுதலாம் என்றார். புதிய கட்டுரையில் ரோஷன் பெயர்தான் முதலில் என்று சொல்லிவிட்டேன். சரி பார்க்கலாம் என்றார்.

இப்போது நல்ல ரத்தம் வேண்டும்.

அல்லி


786
திருமலைராயன்பட்டினம்
14 நவம்பர் 1979

அல்லி,

கிழிக்கவில்லை. பொறாமை என்று நீ எழுதிய கடிதத்தையும் கிழிக்கவில்லை.

'சரி பார்க்கலாம்' என்பது சரி இல்லை. அது வெறும் 'பார்க்கலாம்'. உன் சாரின் பேச்சை நீ நம்பு, நான் அச்சில் பார்த்த பிறகு நம்புகிறேன். என் கடிதத்தை என்னைக் கேட்காமல் அவரிடம் காட்டியதும் எனக்குப் பிடிக்கவில்லை.

ரத்தம் வருகிறது. வெறும் ஐஸ்தான். தங்கப்பனிடம் உப்பு வேண்டாம் என்று நான் மட்டும் சொன்னால் போதாது, பிளான்ட் முதலாளியும் சொல்ல வேண்டும் என்று அவரையும் சொல்ல வைத்தேன். போதாததற்கு மாயவரம் வரை நானே ரயிலில் கூடப் போய் ஐஸ் மாற்றி ஏற்றிவிட்டேன். திரும்பி வர இருட்டிவிட்டது. ஜொஹரா மாமி வாசலிலேயே நிறுத்தி, கையை நீட்டச் சொல்லி மோந்து பார்த்தார். பிறகு வெந்நீர் வைத்துக் கொடுத்தார். அதை நீ அன்பு என்று நினைத்துவிடாதே, நான் அசுத்தத்தோடு உள்ளே வந்துவிடக் கூடாதே என்பதுதான்.

நேர்காணல் மே மாதத்தில். அதற்குள் கட்டுரை ஏற்கப்பட்டது என்ற ஒரு கடிதம் கிடைத்தாலும் போதும் என்று கல்லூரி முதல்வர் சொல்கிறார். மறந்துவிடாதே.

ரோஷன்


786
திருமலைராயன்பட்டினம்
22 மே 1980

அல்லி,

நேற்று நேர்காணல் முடிந்தது. உனக்கு வாழ்த்துச் சொல்ல வேண்டும். என் பெயர் அச்சில் வந்துவிட்டது.

பாண்டிச்சேரியிலிருந்து வந்த மூன்று பேரில் ஒருவர் உயிரியல்காரர். என் விண்ணப்பத்தைப் புரட்டினார். என் முகத்தைப் பார்த்தார். பிறகு பையிலிருந்து ஒரு பத்திரிகையை எடுத்தார். "காரைக்கால் ஆர். பேகம்ங்கறது நீங்கதானா?" என்று கேட்டார். நாற்காலியை விட்டு எழுந்துவிட்டேன், அல்லி. சந்தோஷத்தில். அல்லி சொல்லாமலேயே போட்டுவிட்டாள், எனக்கு ஆச்சரியம் கொடுக்கப் பார்த்திருக்கிறாள் என்று நினைத்தேன். ஆமாங்க சார் என்று நின்றபடியே சொன்னேன்.

அவர் வாசித்துக் காட்டினார். உனக்கு மனப்பாடமாக இருக்கும், இருந்தாலும் நான் எழுதுகிறேன். 'எங்கள் முந்தைய கட்டுரையில் குறிப்பிட்ட சிறிய புரதம், எச்-5 சிதைந்து உண்டான துண்டு என்று இப்போது தெரிய வந்துள்ளது. காரைக்காலைச் சேர்ந்த ஆர். பேகம் அனுப்பிய ரத்தம் கவனக்குறைவாகப் பாதுகாக்கப்பட்டதே இதற்குக் காரணம்.' கீழே பஞ்சநாதன், அல்லி.

பிழையைச் செய்தபோது நான் பெயரில்லாத நண்பர். பிழையைக் கண்டுபிடித்துச் சொன்னதும் எனக்குப் பெயரும் முதல் எழுத்தும் வந்துவிட்டன. நான் சொல்லாமல் இருந்திருந்தால் அந்த ஐஸும் உப்பும் உங்கள் இருவருக்கும் சாகும்வரை தெரிந்திருக்காது. என் கடிதத்தை வைத்தே என் கழுத்தை அறுத்திருக்கிறீர்கள்.

நான் விளக்கப் பார்த்தேன். கண்டுபிடித்ததே நான்தான் சார் என்றேன். அதற்கு ஆதாரம் இருக்கிறதா என்று கேட்டார்கள். ஆதாரம் பெங்களூரில் ஒருத்தியின் பெட்டியில் இருக்கிறது என்று சொல்ல முடியுமா? அவ்வளவுதான், போகலாம் என்றார்கள். சீர்காழியிலிருந்து வந்த ஒருவருக்கு வேலை. நல்ல மனிதர்தான், வெளியே வந்து என்னிடம் தண்ணீர் இருக்கிறதா என்று கேட்டார். அவர் மேல் எனக்கு ஒன்றுமில்லை.

கல்லூரி முழுக்கத் தெரிந்துவிட்டது. பரிசோதனைக் கூடத்தில் தவளையை அறுக்க உட்கார்ந்த பெண்கள் என்னைப் பார்த்துவிட்டுத் தங்களுக்குள் குனிந்துகொள்கிறார்கள். இவரிடமிருந்து டிக்கெட் அனுப்பவா என்று தந்தி வந்திருக்கிறது.

இதற்கு உன் சாரைச் சொல்லிப் பயனில்லை. அவர் எனக்கு யார்? நீ சொல். அந்த வரியைப் படித்துப் பார்த்துவிட்டுத்தான் கையெழுத்துப் போட்டாயா?

ரோஷன்


பெங்களூர்
1 ஜூன் 1980

ரோஷன்,

படிக்கவில்லை. என்னிடம் காட்டவே இல்லை. இதை நீ நம்ப வேண்டும் என்று கேட்கும் யோக்கியதை எனக்கு இருக்கிறதா என்று தெரியவில்லை, ஆனால் நடந்தது இதுதான். திருத்தத்தை அவரே எழுதி அவரே அனுப்பினார். உன் கடிதத்திலிருந்து உப்பை எடுத்துக்கொண்டார், கண்டுபிடித்ததை விட்டுவிட்டார். உன் கடிதம் வரும்வரை அது அச்சாகிவிட்டது என்றுகூட எனக்குத் தெரியாது. நூலகத்துக்கு ஓடிப்போய்ப் பார்த்தேன்.

நேராக அவர் அறைக்குப் போனேன். ஏன் இப்படிச் செய்தீர்கள் என்று கேட்டேன். "யாரோ ஒருத்தர் மேல போட்டாத்தானம்மா நம்ம லேப் பேரு தப்பிக்கும். உனக்காகத்தான் செஞ்சேன்" என்றார். எனக்காகவாம். புதிய கட்டுரையின் பிரதி மேசை மேல் இருந்தது. உருண்டையும் வாலும் எல்லாம் அதில் இருக்கிறது. உன் பெயர் இல்லை. நன்றியிலும் இல்லை. இப்போது போட்டால் தப்புச் செய்தவருக்கு ஏன் பரிசு என்று கேட்பார்கள், அதனால் போட முடியாது என்கிறார். அந்த வரியை எழுதியவரே அந்த வரியைக் காரணம் காட்டுகிறார்.

நான் கத்தினேன், ரோஷன். எங்கள் அம்மா வரப்பில் நின்று சண்டை போடுவாளே, அந்தக் குரலில் கத்தினேன். மாடியிலிருந்து ஆட்கள் இறங்கி வந்தார்கள். பிறகு ஜெல் படங்கள் அத்தனையையும் எடுத்துப் பையில் போட்டுக்கொண்டு விடுதிக்கு வந்துவிட்டேன். அவை இல்லாமல் கட்டுரை போகாது. இனிமேல் என் தீசிஸில் அவர் கையெழுத்துப் போட மாட்டார். போடவும் வேண்டாம். விலகல் கடிதம் எழுதி வைத்திருக்கிறேன், திங்கட்கிழமை கொடுத்துவிடுவேன். உனக்குச் செய்ததற்கு இதுதான் நான் செலுத்தக்கூடியது. வெள்ளிக்கிழமை வண்டியில் படங்களோடு வருகிறேன். என்ன வேண்டுமானாலும் சொல், கேட்டுக்கொள்கிறேன்.

உன் ஆகஸ்ட் கடிதத்தையும் அவரிடமிருந்து பிடுங்கி வந்துவிட்டேன்.

அல்லி


786
திருமலைராயன்பட்டினம்
5 ஜூன் 1980

அல்லி,

விலகல் கடிதத்தை நீ கொடுத்துவிட்டாயா? கொடுத்திருந்தால் திரும்ப வாங்கு. வேண்டாம் என்று தந்தி அடித்திருக்கிறேன், இந்நேரம் கிடைத்திருக்கும். பெட்டியைக் கட்டியிருந்தால் அவிழ்த்து வை. வராதே.

நீ வேலையை விட்டுவிட்டு வந்தால் நான் கட்டிக்கொண்டு அழுவேன் என்று நினைத்தாயா? உன் தியாகம் யாருக்கு வேண்டும்? நான் என் பெயரைக் கேட்டேன். நீ உன் பட்டத்தை ஆற்றில் வீசிவிட்டு, இதோ வீசிவிட்டேன் பார் என்கிறாய். பட்டமில்லாத ஒருத்தியும் பெயர் கெட்ட ஒருத்தியும் சேர்ந்து எழுதுகிற கட்டுரையை எந்தப் பத்திரிகை போடும்? வரிச்சிக்குடியில் உன் அம்மாவோடு நாற்றுப் பிடுங்கிக்கொண்டே எனக்கு நியாயம் வாங்கித் தருவாயா? அந்த மனிதருக்கு இதைவிட வசதி உண்டா? நாம் இருவரும் தொலைந்தால் அவர் நிம்மதியாகத் தூங்குவார்.

எனக்கு உன் மேல் இருக்கிற கோபம் தீரவில்லை. நீ படிக்காமல் விட்டாய் என்பதை நம்புகிறேன். ஆனால் உன் பெயர் போகிற இடத்தில் என்ன எழுதியிருக்கிறது என்று கேட்காமல் இருந்தாயே, அதைத்தான் மன்னிக்க முடியவில்லை. தும்பை விட்டுவிட்டு இப்போது வாலைப் பிடித்துக்கொண்டு ஓடுகிறாய்.

ஆகவே சண்டையை அங்கேயே இருந்து போடு. யோசித்துப் பார். திருத்தம் போட்ட பிறகு அவர் மானம் பாதி போய்விட்டது. அதை மீட்க அவருக்கு இருக்கிற ஒரே வழி இந்தப் புதிய கட்டுரை. ஜெல் படம் உன்னிடம் இருக்கிறது. மறுபடியும் செய்யலாம் என்றால், உன்னை விட்டால் வாத்து ரத்தத்தை ஒழுங்காக எடுத்து அனுப்பத் தெரிந்தவள் நான் ஒருத்திதான். வெளிநாட்டில் கோழி ரத்தத்தில் யாரோ இதே கேள்வியைக் கிண்டிக்கொண்டிருக்கிறார்கள் என்று நீயே ஒரு தடவை எழுதினாய். அவர்கள் முந்திக்கொண்டால் அவருக்கு ஒன்றுமே மிஞ்சாது. அவருக்குத்தான் அவசரம், நமக்கு இல்லை. ரோஷன் பேகம் என்று முழுப் பெயர், எங்கள் கல்லூரி விலாசத்தோடு, தலைப்புக்குக் கீழே. பிழையைக் கண்டுபிடித்தது யார் என்று முதல் பத்தியிலேயே ஒரு வாக்கியம். உன் தீசிஸில் கையெழுத்து. மூன்றும் ஒன்றாகத்தான், ஒன்றை விட்டு ஒன்று கிடையாது என்று சொல். என் ஆகஸ்ட் கடிதத்தை நகலெடுத்து அந்தப் பத்திரிகை ஆசிரியருக்கு அனுப்பவும் நமக்குத் தெரியும் என்பதையும் சொல். கத்தாமல் சொல். கத்தினால் பெண் கத்துகிறாள் என்று மாடியிலிருந்து வேடிக்கை பார்க்க இறங்கி வருவார்கள், அதோடு விஷயம் முடிந்துவிடும்.

இவருக்கு எழுதிவிட்டேன், இப்போது வரவில்லை என்று. ஒப்புக்கொண்டதை மீறுகிறாய் என்று கோபமாகத் தந்தி வந்தது. ஆமாம், மீறுகிறேன். வேலை கிடைக்காமல் போனால் வருகிறேன் என்றுதான் சொன்னேன். கவனக்குறைவுக்காரி என்ற அச்சடித்த பெயரோடு பிளேன் ஏறுகிறேன் என்று சொல்லவில்லை. ஜொஹரா மாமி இரண்டு நாளாக என்னோடு பேசவில்லை. அதுவும் நடக்கட்டும்.

என் பெயர் அப்படியே நிற்க நான் விட மாட்டேன். நீயும் விடக் கூடாது. விட்டால் அன்றைக்குத்தான் நமக்குள் எல்லாம் முடியும்.

அடுத்த வியாழக்கிழமை அல்லா பிச்சை பாய் வாத்து அறுக்கிறார். உன் சார் சம்மதித்தால் தந்தி கொடு, ரத்தம் அனுப்புகிறேன். சம்மதிக்காவிட்டால் நாங்கள் கறி ஆக்கிச் சாப்பிட்டுக்கொள்கிறோம்.

ரோஷன் பேகம்